காளை வாங்கிய குத்தகை

எனக்கிருந்த பன்னிரண்டு மா நஞ்சையும் ஒரு சினிமாப் படத்தால் போயிற்று என்று சொன்னால், கேட்பவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். படம் எடுத்து நொடித்துப்போன ஆசாமிகளின் வரிசையில் என்னையும் உட்காரவைத்து ஒரு காபி வாங்கிக் கொடுக்கிறார்கள். காபியைக் குடித்து முடித்த பிறகுதான் நான் உள்ளதைச் சொல்வது. நான் படம் எடுக்கவில்லை. படத்தில் நடிக்கவுமில்லை. நடிக்கக் கூப்பிடவே இல்லை. தகராறு முழுவதும் அதிலிருந்து புறப்பட்டதுதான்.

நாகேஸ்வரன் என்றால் அந்தக் காலத்தில் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் நாடகக்காரன் என்று தெரியும். 'வேங்கைநாட்டு வேந்தன்' என்று ஐந்து மணி நேர நாடகம். எழுதியவன் நான், வேந்தன் நான், வேந்தன் சாகும்போது திரைக்குப் பின்னால் அழுகிற குரலும் நான். கட்சி மாநாடு, கோயில் திருவிழா, கூட்டுறவு வார விழா, எதற்குக் கூப்பிட்டாலும் போவேன், கூப்பிடாவிட்டாலும் போவேன். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் கை தட்டியதில்லை. அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜனங்கள் உணர்ச்சியில் உறைந்துபோய்விட்டார்கள் என்று வைத்துக்கொண்டேன். சிலர் உறைந்த நிலையிலேயே குறட்டை விட்டதும் உண்டு.

நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்திருந்த சமயம் அது. மிச்ச நிலத்தை யார் பேரில் எழுதுவது என்று பெரிய பண்ணைகளில் தவித்தார்கள். சமையல்காரர் பேரில் எழுதினார்கள், செத்துப்போன சித்தப்பா பேரில் எழுதினார்கள், இன்னும் பிறக்காத பேரன் பேரில் எழுதினார்கள். ஒரு பண்ணையில் பேரெல்லாம் தீர்ந்துபோய்க் கூண்டுக்கிளியின் பேரில் ஒரு வேலி நிலம் எழுதிவைத்ததாகக் கேள்வி. எனக்கு நேரில் தெரியாது. கிளி சொல்லிக் கேட்டதுதான். என்னுடைய பன்னிரண்டு மா நாலு ஏக்கர். அது எந்த வரம்புக்கும் எட்டாது. அதனால் என்னை யாரும் சட்டை பண்ணவில்லை. அதுவும் ஒரு வருத்தம்.

இளையபெருமாளின் அப்பா எங்கள் வீட்டுப் பண்ணையாள். அவர் என்னை 'ஆண்டே' என்பார். சங்கம் வந்து, கொடி வந்து, கூலித் தகராறு வந்து, மகன் தலையெடுத்தபோது அது 'ஐயா' ஆகியிருந்தது. இவன் வயலுக்கு வரவில்லை. ஹாஜா மைதீனின் டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டினான். இவன் பெண்டாட்டி செவ்வந்திதான் எங்கள் பக்கத்தில் நடவு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவள்.

ஹாஜா மைதீனின் மச்சான் பினாங்கிலிருந்து கப்பலில் வந்து நாகப்பட்டினத்தில் இறங்கியபோது, கையில் பிடிக்கிற மாதிரி ஒரு சினிமாக் கேமராவைக் கொண்டுவந்தார். அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாததால், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருந்தார்கள். இளையபெருமாள் அதை ஆணியிலிருந்து எடுத்தான்.

ஒருநாள் காலையில் வீட்டுக்கு வந்து, படம் பிடிக்கப் போவதாகச் சொன்னான். ஒரு பண்ணையார் உச்சவரம்புக்குப் பயந்து தன் காளைமாட்டின் பேரில் நிலத்தை எழுதிவிடுகிறார். எழுதினபிறகு மாடுதான் மிராசுதார். பண்ணையார் மாட்டுக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாகிறது. அதுதான் கதை. பெயர் 'காளைக்குப் பட்டா'. என் வயலில் நடவும் அறுப்பும் நடக்கிற நாட்களில் ஓரமாக நின்று பிடித்துக்கொள்கிறோம், நடவு ஆட்களே நடித்துவிடுவார்கள், தனியாக ஆள் வைக்க நமக்கு வசதி ஏது என்றான். என் மயிலைக்காளையையும் கேட்டான். என் மாட்டுவண்டியைக் கேட்டான். நிழலுக்கு என் குடையைக்கூடக் கேட்டான். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டான்.

நான் தொண்டையைச் செருமினேன். பண்ணையார் வேஷம் யாருக்கு என்று கேட்டேன்.

"அரசப்பனுக்குங்க."

அரசப்பன் என் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஆள்.

"ஏம்ப்பா, நான் ஒருத்தன் இங்க இருக்கேனே."

இளையபெருமாள் தலையைச் சொறிந்தான். "உங்களப் போட்டா நெசமாயிடுங்க ஐயா. யாரும் சிரிக்க மாட்டாங்க."

மூன்று நாள் அதை நான் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் என் மனைவி நீலாயதாட்சி அர்த்தம் சொன்னாள்.

படம் நாற்பது நிமிஷம். பேச்சுச் சத்தம் கிடையாது. அதற்கெல்லாம் அவனிடம் ஏது வசதி. திரைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு இளையபெருமாளே எல்லாருக்கும் பேசுவான். பண்ணையாருக்குப் பேசுவான், மாட்டுக்குப் பேசுவான், மாட்டுக்குக் கணக்குப்பிள்ளையாக வருகிற செவ்வந்திக்கும் குரலை மாற்றிப் பேசுவான். எந்த ஊரில் ஓட்டுகிறானோ அந்த ஊர் மிராசுதாரின் இருமலைப் பண்ணையாருக்கு வைத்துவிடுவான். ஓர் ஊரில் அந்த மிராசுதாரே முன்வரிசையில் உட்கார்ந்து, இது பக்கத்து ஊர்க்காரன்தான் என்று வயிறு வலிக்கச் சிரித்தாராம். படம் ஆங்காங்கே இருட்டாகும். ஒரு காட்சியில் கேமராவைத் தலைகீழாகப் பிடித்துவிட்டான். மாடு வானத்தில் நடக்கும். அதற்குத்தான் சிரிப்பு அதிகம்.

ஹாஜா மைதீனிடம் ஒருநாள் கேட்டேன், இதில் என்ன இருக்கிறதென்று இப்படி வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று. அவர் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னார், "பெரிய படத்துக்கு வர்றவன் படம் முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயிடுறான் நாகேசு. இதுக்கு வந்தவன் மறுநா பொண்டாட்டியக் கூட்டியாறான். அதுக்கு மறுநா மாமியார." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன் நாடகத்துக்கு மாமியாருங்கள மட்டும் கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்க" என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அரசப்பன் மண்வெட்டியோடு என் வரப்பில் நிற்பான், ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி இறங்கி, "பண்ணையாரே, சௌக்கியமா?" என்பார்கள். பக்கத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரன் நிற்பேன். கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வார்கள், மறைக்கிறதாம். இதைக்கூடப் பொறுத்தேன். வாசலில் ஈஸிசேரில் சாய்ந்திருக்கிற என்னைத் தாண்டிக்கொண்டு கொல்லைக்குப் போய் என் காளைக்கு வாழைப்பழம் கொடுத்தார்கள். ஆதிரெங்கத்திலிருந்து ஓர் அம்மாள் பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொல்லிக் காளையிடம் கைக்குழந்தையை நீட்டினாள். காளை பெயர் வைத்தது என்றால் நம்பமாட்டீர்கள். வைக்கவில்லை. மோந்து பார்த்தது, அவ்வளவுதான். அதற்கே கூட்டம் கைதட்டியது. இருபது வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தி வாங்காத கைதட்டல், ஒரு மாடு மூச்சு விட்டு வாங்கிவிட்டது.

மறுநாள் தாலுகா ஆபீசுக்குப் போனேன்.

மாவட்டக் கிராமியத் திரைப்படத் தகுதி நிர்ணயக் குழு என்று ஒன்று அங்கே இருந்தது. பூச்சிமருந்து வைத்திருந்த கிடங்கைக் காலி பண்ணிக் குழுவுக்குக் கொடுத்திருந்தார்கள். உள்ளே போனால் கண்ணீர் வரும். குழுவில் நாலு பேர். தலைவர் மேடைப் பேச்சாளர். மற்ற மூவர் ஒரு புலவர், ஒரு மாட்டு டாக்டர், குத்தகைதாரர் பதிவுத் தாசில்தார். சினிமா தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. தெரிந்தவர்களுக்கு விருப்பு வெறுப்பு இருக்கும் என்று விதி இருந்தது. படத்தில் மாடு வருவதால் டாக்டரும், நிலம் வருவதால் தாசில்தாரும் அவசியமாம். மனிதர்களும் வருகிறார்களே என்றேன். அதற்கு ஆள் இன்னும் நியமனமாகவில்லை என்றார்கள்.

இந்தப் படத்தில் சிரிக்க ஒன்றுமில்லை, அனுமதி கொடுக்கக் கூடாது என்று மனு எழுதிக் கொடுத்தேன். அதுவரை அந்தப் படத்துக்கு அனுமதி என்று ஒன்று வேண்டும் என்பதே இளையபெருமாளுக்குத் தெரியாது. குழுவுக்கும் தெரியாது. என் மனுவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அன்றைக்கே படத்தை நிறுத்திவைக்கத் தாக்கீது போயிற்று. எனக்கு ஒருவேளைச் சோறு இறங்கியது.

ஒரு வாரம் கழித்துக் கிடங்கில் விசாரணை. காலை பத்து மணி. ஜன்னல்களில் சாக்கைக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். படம் நாற்பது நிமிஷம்தான். ஆனால் அதற்கு முன்பு குழு உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்ளவே ஒரு மணி நேரம் ஆயிற்று. நாலு பேர், தலைக்கு மூன்று ஆடை. கடைசியில் ஒன்று மிஞ்சியது. அதைப் புரொஜெக்டருக்குப் போர்த்தினார்கள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே, தாய்மார்களே, சிரிப்பு என்பது மக்கள் சொத்து. மக்கள் சொத்தைப் பாதுகாப்பது நமது அரசின் கடமை. பாதுகாப்பது என்றால் பூட்டி வைப்பது. சாவி என்னிடத்திலே இருக்கிறது. நான் இந்தப் பொறுப்பை ஏற்ற மூன்றாண்டுகளில் தவறான படம் ஒன்றுகூட அனுமதி பெற்றதில்லை என்பதை இறுமாப்போடு சொல்லிக்கொள்கிறேன். ஏனென்றால் எந்தப் படமும் அனுமதி பெற்றதில்லை. எதிரிகள் கேட்கிறார்கள், நீ சிரித்தே யாரும் பார்த்ததில்லையே, நீ எப்படிச் சிரிப்புக்கு நீதிபதி என்று. குடிப்பவனையா மதுவிலக்குக்கு அதிகாரி ஆக்குவது?"

கூட்டத்தில் யாரும் இதற்குச் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

பணியிலிருக்கும் உறுப்பினர்கள் சிரிக்கக் கூடாதென்பது விதி. ஆகையால் பொதுமக்களில் பத்துப் பேரைச் சிரிப்புச் சாட்சிகளாக உட்காரவைப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை என்று மனுப் போட்டவன் நானாதலால், சாட்சிகளைக் கொண்டுவரும் பொறுப்பும் எனக்கே. பொறுக்கி எடுத்தேன். ஒன்பது பேரும் 'வேங்கைநாட்டு வேந்தன்' பார்த்தவர்கள். அதில் நானே விதூஷகனாகவும் வருகிற காட்சியைப் பார்த்தும் முகத்தில் ஒரு மயிரிழை அசையாதவர்கள். கூட்டுறவுச் சங்கத்துக் காவலாளி ஒருவர் ஒன்பது தடவை பார்த்துவிட்டு ஒன்பது தடவையும் கல்லாக இருந்தவர். பத்தாவதாக நீலாயதாட்சியை அழைத்துக்கொண்டேன். அந்தக் காட்சியை இருபது வருஷம் பார்த்து உதட்டைப் பிரிக்காதவள்.

இளையபெருமாள் மைக்கில் பேச ஆரம்பித்தான். அரசப்பன் திரையில் வந்து, காளையின் முன்னால் செருப்பைக் கழற்றினான். கழற்றிக் கக்கத்தில் வைத்தான். குனிந்தான். காளை வாலைச் சுழற்றி அவன் முகத்தில் ஒன்று வைத்தது. அரசப்பன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

காவலாளிதான் முதலில் விழுந்தார். பெஞ்சோடு விழுந்தார். பிறகு ஒருவர்பின் ஒருவராக மற்ற எட்டுப் பேரும். நான் திரையைப் பார்க்கவில்லை, நீலாயதாட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பூச்சிமருந்து நெடிதான் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அப்போது திரையில் கிராம அதிகாரி பட்டா மணியம் கையெழுத்துக்கு நீட்டிய பத்திரத்தைக் காளை தின்றது. நீலாயதாட்சி முந்தானையை விட்டுவிட்டாள். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு உண்டென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம்.

களத்துக் காட்சியும் வந்தது. நடவு ஆட்கள் பதினொரு பேரும் மரக்காலை வைத்து நெல்லைக் காளைக்கு முன்னால் அளந்து கொட்டினார்கள். கணக்குப்பிள்ளை செவ்வந்தி காளையின் காதில் ஏதோ கேட்டுவிட்டு, இன்னும் ஒரு மரக்கால் போடச் சொன்னாள். சாட்சிகள் தரையில் உருண்டார்கள். தாசில்தார் மட்டும் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார்.

விளக்கு வந்ததும் குழு கவலையோடு உட்கார்ந்திருந்தது. படத்தில் 'டேய்' நாற்பத்தோரு இடத்தில் வருகிறது என்றார் புலவர். அதில் ஒன்றாவது 'ஏடா' என்றிருக்கலாம் என்பது அவர் கருத்து. பத்திரம் தின்ற காளை பிறகு அசைபோடவே இல்லை, ஆகவே அது தின்றதாக ஏற்க முடியாது என்றார் டாக்டர். தலைவருக்கு வேறு சந்தேகம். இவ்வளவு சின்னப் படத்துக்கு இவ்வளவு சிரிப்பு எப்படி வந்தது? பாட்டு இல்லை, சண்டை இல்லை, ஊட்டி இல்லை. சிரிப்பின் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று இளையபெருமாளைக் கேட்டார்.

"இந்தச் சிரிப்பை எங்கிருந்து கொண்டுவந்தாய்?"

"நாங்க எதையும் கொண்டாரலீங்க. எங்ககிட்ட ஏது. அவங்கதான் கொண்டாந்தாங்க. வச்சுக்கிட்டே ரொம்ப நாளா உக்காந்திருந்தாங்க போலருக்கு."

தலைவர் இதைப் பதிவுசெய்யச் சொன்னார். எந்தக் கட்டத்தில் பதிவது என்று தெரியாமல் குமாஸ்தா விட்டுவிட்டார். சிரிப்பு நிரூபணமாகிவிட்டது, ஆனால் நடிப்பு நிரூபணமாகவில்லை என்று தலைவர் அறிவித்தார். நடிப்பு இல்லாதது படம் ஆகாது. நடிப்பு உண்டா இல்லையா என்பதைக் கலைத்துறை அனுபவம் உள்ள ஒருவர் சொன்னால் நல்லது என்று சுற்றிலும் பார்த்தார்.

இருபது வருஷம் நான் காத்திருந்த வார்த்தை. எழுந்துவிட்டேன்.

நான் பேசியதைக் குமாஸ்தா வரிவிடாமல் எழுதிக்கொண்டார். நடிப்பா? இதில் எங்கே இருக்கிறது நடிப்பு? இந்தப் பதினொரு பேரையும் எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். இது என் வயல். என் வயலில் நாற்றுப் பறிப்பது இவர்கள், நடுவது இவர்கள், களை எடுப்பது, அறுப்பது, அடிப்பது இவர்கள். நான் வரப்பில்கூட இறங்குவதில்லை. போகத்துக்குப் போகம் இவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். அன்றாடம் செய்வதைத்தான் இந்தப் படத்திலும் செய்கிறார்கள். பக்கத்தில் ஒரு கேமரா இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வேந்தனாக இருந்து பார்த்தவன் சொல்கிறேன், இதில் நடிப்பு என்று கடுகளவும் கிடையாது.

உணர்ச்சியோடுதான் பேசினேன். எல்லாரும் உறைந்துபோய்விட்டார்கள். நானே முன்வந்து கீழே கையெழுத்துப் போட்டேன். செவ்வந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைக் கொட்டவில்லை.

பத்து நாளில் தாக்கீது வந்தது. சினிமாக் குழுவிலிருந்து இல்லை. குத்தகைதாரர் பதிவுத் தாசில்தாரிடமிருந்து. நிலத்தில் இறங்கி உழைக்கிற குத்தகைதாரர்களைக் கண்டுபிடித்துப் பதிவேட்டில் ஏற்றுவது அவருடைய வேலை. ஏறியவர்களைப் பிறகு நிலத்திலிருந்து எழுப்ப முடியாது. மூன்று வருஷமாகத் தாலுகா முழுக்க அலைந்தும், எந்தப் பண்ணையிலும் ஒரு குத்தகைதாரனும் அகப்படவில்லை. எல்லாரும் கூலியாட்கள் என்றே பண்ணையார்கள் சாதித்துவிட்டார்கள். இப்போது நிலச் சொந்தக்காரனே பொன்னாடை போர்த்திய சபையில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். அதற்கு ஆதாரமாக நாற்பது நிமிஷம் ஓடுகிற பிலிமும் இருக்கிறது.

தாலுகா ஆபீசில் தாசில்தார் மரியாதையாக நாற்காலி போட்டார். நான் அவர்களுக்குக் கூலி கொடுத்தேன் என்றேன். படத்தில் கூலி கொடுக்கிற காட்சி இல்லையே என்றார். குத்தகை எதுவும் அவர்கள் எனக்கு அளந்ததில்லை என்றேன்.

"களத்தில நெல்லு அளக்குறாங்களே."

"மாட்டுக்கு அளக்குறாங்க சார்."

"மாடு யாரோடது?"

"என்னோடதுதான்."

"அப்ப உங்க சார்பா அது வாங்கியிருக்குங்க. ஒரு மரக்கால் கூடவே வாங்கியிருக்கு."

தாசில்தார் நல்ல மனிதர்தான். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். சினிமாக் குழுவின் படிவத்தில் நடிப்பு என்ற கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. முந்தைய வாக்குமூலத்தை மாற்றி, அவர்கள் நடித்தார்கள் என்று கலை அனுபவஸ்தராக நான் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். நடித்தார்கள் என்றால் சாகுபடி செய்யவில்லை. நிலம் எனக்கு. படம் படமாகிவிடும், அதற்கும் அனுமதி வந்துவிடும்.

பேனாவை எடுத்தேன். 'நடிப்பு உண்டு, சுமார்' என்று எழுதலாமா என்று கேட்டேன்.

"சுமார்னு கட்டம் இல்லைங்க. 'மிகச் சிறப்பு' ஒண்ணு, 'சிறப்பு' ஒண்ணு. நம்ம மாவட்டத்தில சுமாரான கலை கிடையாதுன்னு தலைவர் போன வருஷமே அறிவிச்சுட்டார்."

"பரவாயில்லைன்னு?"

"அது நடிப்பில்லைங்கற கணக்குல போயிடும்."

அறைக்கு வெளியே பதினொரு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். இளையபெருமாள் உள்ளே வந்தான். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எனக்கு நிலம் வேண்டாம், படத்தைக் காப்பாற்றிக் கொடுங்கள் ஐயா என்றான். நடிப்பு இல்லை என்று ஆகிவிட்டால் அது படமே இல்லையாம். சர்வே நம்பருக்குச் சேர்ந்த ஆவணமாம். ரெக்கார்டு ரூமில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். சொல்லும்போதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த ஒரு பிலிம் டப்பா தவிர அவன் வாழ்க்கையில் வேறொன்றும் இல்லையென்பது எனக்கும் தெரியும். எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். 'சி' என்று எழுதியும் விட்டேன்.

செவ்வந்தி வாசற்படியில் வந்து நின்றாள். நான் எழுதுகிற கையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நீ ஏன் அழுவுற? ஐயாவே எழுதிக் குடுப்பாரு. அன்னைக்குக் கொட்டாயில எல்லாரும் சொன்னாங்கல்ல, ஐயா இருபது வருசம் ராசா வேசம் கட்டியும் வராதது, அரசப்பனுக்குச் செருப்பக் கழட்டயிலயே வந்துடுச்சுன்னு. ஐயா வூட்டு அம்மாவே சொன்னாங்க."

பேனா நின்றுவிட்டது.

"அம்மாவா சொன்னாங்க?" என்றேன்.

"சொல்லக் கூடாதுதான். எங்க வூட்டுக்காரர் சிரிக்க வக்கிறேன்னு வந்து நிக்கயில எனக்கு அழுவாச்சி வரும், இவன் சும்மா குனியிறான், வயிறு வலிக்குதேன்னாங்க." தாசில்தாரிடம் திரும்பி, "நல்லா எழுதிக்கட்டும் சார். மிகச் சிறப்புன்னே போடச் சொல்லுங்க. படம் வெளிய வந்ததும் ஐயா எழுதினத மொத ஆளா மைக்குல வாசிக்கச் சொல்றோம். ஊர் ஊரா வாசிப்போம்" என்றாள்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். முகத்தில் பணிவுதான் இருந்தது. இந்த இடத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவள் என்ன செய்கிறாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தாசில்தாருக்கும் தெரிந்தது, அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுதினால் நிலம் மிஞ்சும் என்று தெரிந்தது. நீலாயதாட்சி அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள் என்றும் பாதி தெரிந்தது. ஆனால் திருவாரூரிலும் மன்னார்குடியிலும் நாகப்பட்டினத்திலும், நான் எழுதியதை மைக்கில் வாசிக்க, அரசப்பன் மேடையேறிக் கும்பிட, ஜனங்கள் கைதட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டுவிட்டது. நாலு ஏக்கர் அந்தச் சத்தத்துக்கு முன்னால் ரொம்பச் சின்னதாக இருந்தது.

'சி'யை அடித்தேன். "நடிப்பு அறவே இல்லை. என் முந்தைய வாக்குமூலமே சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.

இளையபெருமாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். செவ்வந்தி அவன் பக்கத்தில் குந்தி, தோளில் கை வைத்தாள். பதினொரு பேர் பேரும் பதிவேட்டில் ஏறின. பட்டாவில் நான் இருந்தேன், வயலில் அவர்கள் இருந்தார்கள். நாலைந்து வருஷத்தில் பட்டாவும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. அன்று ஆபீசிலிருந்து வெளியே வரும்போது அரசப்பன் எனக்குக் குடை பிடித்தான். என் குடைதான். படத்துக்கு வாங்கிப் போனதை இன்னும் திருப்பித் தரவில்லை.

வீட்டுக்கு வந்து நீலாயதாட்சியிடம், செவ்வந்தியிடம் அப்படிச் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நினைச்சேன்" என்றாள்.

படத்தை ரெக்கார்டு ரூமில் வைத்துப் பூட்டினார்கள். ஒழிந்தது என்றிருந்தேன். வருஷா வருஷம் கிராமக் கணக்கைத் தணிக்கை செய்ய ஜமாபந்தி நடக்குமே, அதை நான் மறந்துபோனேன். புதிதாக வந்த அதிகாரி ஒருவர் கணக்கைப் புரட்டிக்கொண்டே வந்து, எங்கள் சர்வே நம்பருக்கு ஆவணம் என்ன என்று கேட்டிருக்கிறார். பிலிம் என்றார்கள். ஆவணத்தைப் பார்வையிடாமல் கையெழுத்துப் போடக் கூடாதென்பது விதி. பார்வையிடும்போது சம்பந்தப்பட்டவர்கள் உடனிருக்க வேண்டும் என்பதும் விதி. ஹாஜா மைதீன் மெஷினோடு வந்தார். ஆவணத்துக்கு விளக்கம் சொல்ல இளையபெருமாளுக்கு ஒரு மைக் கொடுத்தார்கள். ஜமாபந்திக்கு மனுக் கொடுக்க வந்திருந்த அறுபது கிராமத்து ஜனமும் தாலுகா ஆபீஸ் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது. அரசாங்க ஆவணமாகையால் யாரும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை. குழுத் தலைவர் வந்து, இந்த ஆவணத்தை நாட்டுக்கு அளித்தது தமது குழுதான் என்று முக்கால் மணி நேரம் பேசினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பசலி ஆண்டும் அது நடக்கிறது. ஆட்சி மாறினாலும் ஆவணம் மாறாது. இந்த விவகாரத்தில் முதல் கட்சிக்காரன் என்பதால் எனக்கு முதல் வரிசையில் நாற்காலி. வராவிட்டால் தாக்கீது அனுப்புகிறார்கள். காளை என்றோ செத்துப்போயிற்று. அரசப்பனும் போய்விட்டான். பிலிம் கீறல் விழுந்து மழை பெய்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் சிரிப்பு மட்டும் தேயவில்லை. இப்போது பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கண்ணைக் குறுக்கிக்கொண்டு நடிப்பு எங்கே என்று தேடுகிறேன். இந்த வருஷம், மாடு வாலால் அடிக்கிறதற்கு ஒரு கண நேரம் முன்பே அரசப்பன் கண்ணை மூடிக்கொள்வதைக் கவனித்தேன். வால் வரப்போகிறது என்று தெரிந்து, தெரியாதவன் மாதிரி முகத்தை அங்கேயே கொடுத்துக்கொண்டு நிற்கிறான். அதைச் செய்வது லேசில்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. விளக்கு வந்ததும் வழக்கம்போல் பதிவேட்டை நீட்டினார்கள். வழக்கம்போல் 'நடிப்பு இல்லை' என்றே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.